அவர் எழுதிய துறைமுகங்கள்

பெட்டிகளில் கட்டுவதற்கான ஊதாச் சீட்டுகளைக் காலையிலேயே அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பெயர், அறை எண், இறங்கும் ஊர் லிஸ்பன். இன்று முழுக்கக் கடல்தான், நாளைக்குக் காடிஸ், மறுநாள் லிஸ்பனில் இறக்கிவிட்டால் பதினாறு நாள் கப்பல் முடிந்துவிடும், கதிரேசன் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவான், போகிற வழியில் "எப்படிம்மா இருந்துச்சு, அப்பா எழுதின ஊரெல்லாம் பாத்தாச்சா" என்று கேட்பான். மகன் கேட்கப்போகிற அந்த ஒரு கேள்விக்கு என்ன சொல்வதென்றுதான் எட்டரை மணியிலிருந்து ஒன்பதாவது தளத்தில் இந்தச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடல் இன்றைக்கு அசையாமல் கிடக்கிறது, இஸ்திரி போட்டு விரித்த மாதிரி. வலது பக்கம் மங்கலாக ஒரு கோடு, அதுதான் ஸ்பெயின் என்று பக்கத்து நாற்காலி ஜெர்மன்காரி கையைக் காட்டிச் சொன்னாள், சொல்லிவிட்டு மறுபடி பின்னலுக்குள் குனிந்துவிட்டாள். நீச்சல் குளத்தடியில் யாரோ பாட்டுப் போட்டுக் கிழவர்களுக்கு நடனம் கற்றுக்கொடுக்கிறார்கள், ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. என் நாத்தனார் செண்பகம் அறையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், பதினொரு மணிக்குக் காப்பியோடு வருவதாகச் சொன்னாள். அதற்குள் யோசித்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எதை யோசித்து முடிப்பது, எங்கே தொடங்கினாலும் நேற்று மார்சேயில் அந்த மாதா கோயிலில் உத்தரத்திலிருந்து தொங்கிய கப்பல்களில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது மனசு. சின்னச் சின்னக் கப்பல்கள், மரத்தில் செய்தவை, பாய்மரம் வைத்தது, புகைபோக்கி வைத்தது, கயிற்றில் கட்டித் தலைக்குமேல் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள், கடலில் செத்துப் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு கொடுத்தவையாம். அதை என் வீட்டுக்காரர் கடிதத்தில் எழுதவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வரியை அவர் எழுதவில்லை.

கல்யாணமான நாற்பத்தொன்றாம் நாள் அவர் கப்பலேறினார். சங்கரபாண்டியன், சரக்குக் கப்பலில் நாலாவது எஞ்சினியர், அப்போது இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் மாமியாரோடும் இன்னும் கல்யாணமாகாத நாத்தனாரோடும் நான். மின்வாரிய ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் நேரே வீடு, ஐந்து நிமிஷம் பிந்தினால் மாமியார் வாசலில் நிற்பார்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள், நிற்பார்கள். கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு வரும். நீல நிற ஏர்மெயில், ஓரத்தில் பிசின், பிரிக்கும்போது எழுத்து கிழிந்துவிடாமல் அமிர்தத்திடம் ரேசர் பிளேடு வாங்கி மெதுவாக அறுப்பேன். அமிர்தம் என் பக்கத்து மேஜை. முதல் தடவை தனியாக வாசிப்பேன், இரண்டாம் தடவை சாப்பாட்டு வேளையில் அவளுக்கும் லீலாவுக்கும் வாசித்துக் காட்டுவேன், அந்தரங்கமான வரிகளைத் தாண்டிக்கொண்டு. நேப்பிள்ஸில் எரிமலை என்று எழுதுவார், நம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற மாதிரி விடாமல் புகைந்துகொண்டிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தேன். ஜெனோவாவில் ஊருக்குள் ஏறப் படிப்படியாய்த் தெரு, கீழே துறைமுகத்தை ஒட்டியே மணல், பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், ஒரு பட்டத்தின் வால் உன் ரிப்பன் நிறம். பலேர்மோவில் தெருவோரம் கடலை மாவை வில்லையாக வெட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள், உன் கையால் செய்த பஜ்ஜியைத் தொலைத்துவிட்டு வந்தவன் அதைத் தின்று கண்ணில் தண்ணீர் விட்டேன். மார்சேயில் மலைமேல் ஒரு கோயில், உச்சியில் பொன்னில் ஒரு தாய், கையில் பிள்ளை, ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிறாள். நான் மேலே ஏறிப்போய் அவள் காலடியில் உனக்காக ஒரு மெழுகுவத்தி வைத்தேன், உலகு. என் பெயர் உலகம்மாள். அவர் மட்டும் உலகு என்பார். நடுநடுவே லீவுக்கு வந்துபோன ஒன்பது வருஷத்தில் இருநூறுக்குமேல் கடிதம். அந்த ஊர்களெல்லாம் எனக்குத் தெரியும். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகிற வழியைவிட ஜெனோவாவின் படிகள் நன்றாகத் தெரியும் என்று லீலா கேலி பண்ணுவாள். வாஸ்தவம்தான். டைப் அடிக்கும்போது, பேருந்தில் நிற்கும்போது, மாமியார் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைத் தள்ளும்போது, நான் அங்கே இருப்பேன், பட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

கதிரேசன் அந்தக் கடிதங்களைப் படித்தது அவர் இறந்த பிறகு. அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. போன தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பீரோவிலிருந்து எடுத்து இரண்டு நாள் உட்கார்ந்து படித்தான், ஊர்ப்பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டான், அப்புறம் ஒரு நாள் போனில், "அம்மா, இந்த ஊருக்கெல்லாம் போற கப்பல் ஒண்ணு இருக்கு, உனக்கு டிக்கெட் போடப்போறேன்" என்றான். துணைக்கு யார் என்று யோசித்தபோது செண்பகம் தானாகவே சொன்னாள், "நான் வாரேன் மதினி." எனக்கு நம்ப முடியவில்லை. திருச்செந்தூருக்கே வர மாட்டாள், முழங்கால் வலிக்கும், பேருந்து குலுக்கும் என்பாள். மதுரையில் மகள் வீட்டுக்குப் போனாலும் மறுநாளே திரும்பி வந்துவிடுகிறவள் பதினாறு நாள் கப்பலுக்கு வருகிறேன் என்கிறாள். அண்ணன் மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறினோம். பலேர்மோவில் அந்தக் கடலைமாவு ரொட்டியைத் தேடிக் கண்டுபிடித்துத் தின்றேன், அப்படியே அவர் எழுதின ருசி, நடுத்தெருவில் நின்று அழுதேன், செண்பகம் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை. நேப்பிள்ஸில் மலையைப் பார்த்தேன், புகை இல்லை. வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துநான்கில் கடைசியாக வெடித்தது, அதற்குப் பிறகு புகைந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே செண்பகம், "மதினி, தண்ணி பாட்டில் எங்க, தொண்டை வறளுது" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். மேகத்தைப் பார்த்திருப்பார், மலை உச்சியில் மேகம் தங்குமே, குற்றாலத்தில் தங்காதா என்று சொல்லிக்கொண்டேன். ஜெனோவாவில் மணல் எங்கே என்று கேட்டேன், இங்கே மணல் ஏது, துறைமுகத்தைச் சுற்றிக் கல்தான் என்றான் டாக்சிக்காரன். நாற்பது வருஷத்தில் கரை மாறியிருக்கும் என்றாள் செண்பகம், கேட்காமலேயே. நானும் ஆமாம் என்றேன். அதையெல்லாம் விழுங்கிவிட்டேன். ஆனால் நேற்று மார்சேயில் செண்பகத்தின் கால் வீங்கிவிட்டது, மலைக்கு வர முடியவில்லை, "நீங்களும் போகாண்டாம் மதினி, ஒத்தையில எதுக்கு" என்று இரண்டு தடவை சொன்னாள், நான் அந்தப் பொம்மை ரயில் மாதிரி இருக்கிற வண்டியில் ஏறிப் போய்விட்டேன். உச்சியில் பொன்தாய் இருந்தாள், அவர் எழுதியபடியே, கையில் பிள்ளையோடு. சந்தோஷமாக உள்ளே போனேன், மெழுகுவத்தி வாசனை, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தூண்கள், அண்ணாந்து பார்த்தால் கப்பல்கள். சுவரெல்லாம் கப்பல் படங்கள், புயலில் கவிழ்கிற கப்பல், தீப்பிடித்த கப்பல், தலைக்குமேல் காற்றில் லேசாகத் திரும்புகிற கப்பல்கள். கப்பலில் வேலை பார்க்கிற ஒருத்தன் இதற்குள் வந்துவிட்டு வெளியே போய்ப் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதலில் எதை எழுதுவான். மெழுகுவத்தியையா.

அங்கே நின்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வரவே இல்லை இந்த மனுஷன். இங்கேயும் வரவில்லை, மணலிலும் நிற்கவில்லை, எரிமலையையும் பார்க்கவில்லை. கீழே இறங்கி வந்து செண்பகத்திடம் நன்றாக இருந்தது என்றேன், அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொய் எழுதினார் என்பதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஒருத்தர் போகாத ஊருக்குப் போனதாக எழுதுகிறார் என்றால் போன ஊர் வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். அப்படித்தான் போகிறது புத்தி, பிடித்து இழுத்தாலும் அங்கேதான் போகிறது. அந்தக் காலத்தில் எதிர்வீட்டு ராமாத்தாள் சிரித்துக்கொண்டே கேட்பாள், கப்பலுக்குப் போகிற ஆம்பளைகள் அங்கங்கே ஒரு குடித்தனம் வைத்திருப்பார்களாமே, உங்க வீட்டுக்காரர் எப்படி என்று. நான் சிரித்துவிட்டு உள்ளே போய் அவருடைய கடிதத்தை எடுத்துப் படிப்பேன், இத்தனை ஊர் சுற்றுகிற மனுஷனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம் என்று சமாதானப்பட்டுக்கொள்வேன். அந்தச் சமாதானம் நேற்று அந்தக் கோயிலில் கழன்று விழுந்துவிட்டது. நேரம் இருந்திருக்கிறது. எண்பத்தொன்பதில் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்தார், கோவில்பட்டி மில்லில் பாய்லர் பார்த்தார், அப்புறம் ஒரு வார்த்தை அந்த ஊர்களைப் பற்றிப் பேசியதில்லை. நானாக, ஜெனோவா படியைப் பற்றிச் சொல்லுங்களேன் என்பேன். "எல்லாந்தான் எழுதினேனே" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். வெட்கம் என்று நினைத்தேன், கடிதத்தில் அவ்வளவு பேசிய மனுஷன் நேரில் வாய் திறக்க வெட்கப்படுகிறார் என்று. அவருடைய இடது முன்னங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு, ரோஜா நிறத்தில், மழமழவென்று. பலேர்மோவில் பொரிக்கிற சட்டியில் கையை ஊன்றிவிட்டேன் என்று எழுதியிருந்தார். எத்தனை நாள் தூக்கம் வராமல் அந்த வழவழப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். அதுவும் எங்கே பட்டதோ. எந்த அடுப்படியில், யாருடைய அடுப்படியில். எனக்கு அறுபத்தெட்டு வயது, செத்துப்போன புருஷன் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு நடுக்கடலில் உட்கார்ந்திருக்கிறேன், கேட்க ஆளில்லை, கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் தாமிரபரணியில் கரைந்துவிட்டார். ஒன்று இரண்டு மூன்று என்கிறான் நடனம் சொல்லிக்கொடுக்கிறவன். ஜெர்மன்காரி நூலை விட்டுவிட்டாள், அது உருண்டு என் காலடிக்கு வந்தது, எடுத்துக் கொடுத்தேன், சிரித்தாள். அவளுக்கும் புருஷன் இருந்திருப்பான், அவனும் என்னவெல்லாமோ சொல்லியிருப்பான்.

கேட்க ஆளில்லை என்றா சொன்னேன். இருக்கிறாளே. செண்பகத்துக்குத் தெரியும். நேப்பிள்ஸில் தண்ணீர் பாட்டில் அவள் தோளிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது, அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். ஜெனோவாவில் நான் கேட்காமலேயே கரை மாறியிருக்கும் என்றாள். மலைக்குப் போக வேண்டாம் என்று இரண்டு தடவை. அவள் என்னோடு வந்தது துணைக்கு இல்லை, காவலுக்கு. இது புதிதா என்ன. பாளையங்கோட்டை வீட்டில் அவள் வேலையே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்தானே நான். என்னைவிட இரண்டு வயது சின்னவள், கிளை நூலகத்தில் உத்தியோகம், வீட்டில் புத்தகமும் கையுமாக இருப்பாள், அதிகம் பேச மாட்டாள், ஆனால் நான் சேலை மாற்றினால் பார்ப்பாள், பூ வைத்தால் பார்ப்பாள், சிரித்தால் பார்ப்பாள். எல்லாவற்றையும் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவாள் என்று அவளிடம் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு தடவை இரண்டு பேருக்கும் நேருக்கு நேர் சொல் முற்றிவிட்டது, எதற்கென்று மறந்துவிட்டது, என்னைப் பார்த்து "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மதினி" என்றாள், அதற்குப் பிறகு நாலு மாதம் அவளோடு பேசவில்லை. அவள் கல்யாணமாகிப் போனபோது அழுதேன், ஆனால் உள்ளுக்குள் வீடு அகலமானது போல் இருந்தது. அவர் போன பிறகு, அவளும் தனியாகிவிட்ட பிறகு, ஒரே தெருவில் இரண்டு வீடு, சாயங்காலம் ஆனால் ஒருத்திக்கு ஒருத்தி. நாற்பது வருஷம் பழகியும் அவளை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று நான் யோசித்ததே இல்லை. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மதினி. அன்றைக்கே தெரிந்திருக்கிறது அவளுக்கு. அவருக்கு அங்கே யாரோ இருந்திருக்கிறாள், தங்கச்சிக்குத் தெரிந்திருக்கிறது, இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஜெனோவாவில் பட்டம் பார்க்க அனுப்பிவிட்டார்கள். கேட்கவே வேண்டாம் என்று ஒரு நினைப்பு. இன்னும் இரண்டு நாள், ஊதாச் சீட்டைக் கட்டிப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டால் அந்த ஊர்கள் எல்லாம் பழையபடி கடிதத்துக்குள் போய்விடும், மூடிவிடலாம். ஆனால் மூட முடியாது என்றும் தெரிகிறது. வீட்டுக்குப் போய் ஒரு நாள் பீரோவைத் திறப்பேன், ரேசரால் அறுத்த அந்த ஓரத்தைத் தொடுவேன், தொட்டதும் தலைக்குமேல் கப்பல்கள் திரும்ப ஆரம்பிக்கும்.

"இங்கயா இருக்கீங்க. நான் அந்தப் பக்கம் போய்த் தேடிட்டு வாரேன்" என்று செண்பகம் இரண்டு கையிலும் காப்பியோடு வந்துவிட்டாள், காலை அகட்டி அகட்டி நடந்து. மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை. அவள் உட்காருகிற வரைக்கும் பொறுத்தேன். ஒரு கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். பாதி நரைத்த புருவம், அவருக்கு இருந்த அதே புருவம். நான் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தக் கோயிலுக்குள்ள பூரா கப்பலாத் தொங்குது செண்பகம். உங்க அண்ணன் அதைப் பத்தி ஒரு வரி எழுதலை."

அவள் காப்பியை ஒரு வாய் குடித்தாள். "நேத்தே கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"அவர் அங்க போகவே இல்ல. அப்படித்தானே."

"இல்ல."

"அப்ப வேற எங்க போனாரு."

அந்த 'வேற' என்கிற சொல்லில் நான் வைத்திருந்ததெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"எங்கயும் போகலை மதினி. கப்பலை விட்டே எறங்கலை. கப்பல் ஓடுறப்ப எஞ்சினை நிறுத்த முடியாதுல்லா, துறைமுகத்துல நிக்கிறப்பதான் பிரிச்சு வேலை பாக்க முடியும். மத்தவங்க எல்லாரும் ஊர் பாக்க எறங்குவாங்க, எஞ்சின்காரங்க உள்ள எறங்குவாங்க. மேல வரதுக்குள்ள கப்பல் கெளம்பிரும். அஞ்சு வாரமா மண்ணை மிதிக்கலைன்னு ஒரு தடவை எழுதியிருந்தான். அந்தச் சூட்டுல வேர்க்குருவு வந்து முதுகு பூரா புண்ணாப் போச்சுன்னு எழுதியிருந்தான்."

"உனக்கு எழுதினாரா."

"லைப்ரரி விலாசத்துக்கு."

அந்தச் சந்தேகம் கழன்றது, கழன்ற இடத்தில் வேறொன்று சுருக்கென்று தைத்தது. வேறு பெண் இல்லை, சரி. ஆனால் உண்மையெல்லாம் தங்கச்சிக்கு, எனக்குப் பட்டமும் சாம்பிராணிப் புகையும். வேர்க்குரு வந்த முதுகுக்கு நான் அல்லவா பவுடர் போட்டிருக்க வேண்டும். என்னை ஏன் பொம்மை மாதிரி வைத்திருந்தார், நான் தாங்க மாட்டேனா. அதை அப்படியே அவளிடம் கேட்டுவிட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, ஜெர்மன்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

செண்பகம் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல நீங்க அவனுக்கு ஒண்ணு எழுதினீங்களாம். உங்க கடுதாசியை வாசிக்கிற அந்தப் பத்து நிமிஷந்தான் நான் இந்த வீட்டை விட்டு வெளிய போறேன்னு. எழுதினீங்களா."

எழுதினேன். எண்பதாம் வருஷம், மாசி மாதம். ஆபீசில், மத்தியானம், கார்பன் தாளின் பின்பக்கம் முதலில் எழுதிப் பார்த்துவிட்டு.

"அதை எனக்கு எழுதியிருந்தான். நான் சூட்டை எழுதினா அவ எங்க போவா, செண்பகம், அப்படின்னு கேட்டிருந்தான். அதுக்கப்புறந்தான் ஊரா எழுத ஆரம்பிச்சான். கப்பல் சமையல்காரர் ஒருத்தர், கோவாக்காரராம், அவர் எறங்கிப் போயிட்டு வந்தா கிட்ட உக்காந்து கேப்பானாம், தெருவுல என்ன விக்கிறான், பிள்ளைங்க என்ன வெளையாடுதுன்னு. அவரும் கொஞ்சம் அளப்பாரு போல. அந்தக் கடலைமாவு மட்டும் நெசம். கப்பலுக்கே கொண்டாந்து கொடுத்தாங்களாம்."

எனக்கு அந்தக் காட்சி தெரிந்தது. இதுவரைக்கும் தெரிந்த துறைமுகங்களையெல்லாம்விடத் தெளிவாக, ஒரு குறுகலான அறை, விளக்கு, எண்ணெய் ஏறிய நகங்களை வேட்டித் துண்டில் துடைத்துவிட்டு நீலத் தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மனுஷன், முதுகு எரிகிறது, நாற்காலியில் சாய முடியவில்லை, குனிந்து உட்கார்ந்து யோசிக்கிறான், பட்டத்தின் வால் என்ன நிறம். என் ரிப்பன் நிறத்தை அவர் நாற்பத்தொரு நாளில் பார்த்துவைத்திருந்தார். வேறு எதையும் அவர் பார்க்கவில்லை, அந்த ஊர்களில் இருந்ததெல்லாம் அவர் கொண்டுபோனவைதான். செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டதும் வெட்கம்தான், நான் நினைத்த வெட்கம் இல்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற வெட்கம். ஜெனோவா படியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எத்தனை தடவை அந்த மனுஷனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன்.

"கைத் தழும்பு" என்றேன்.

"நீராவிக் குழாய் வெடிச்சு. எண்பத்திநாலு ஆடியில. மார்சேய் ஆஸ்பத்திரில ஆறு நாள் கெடந்தான். கட்டில்ல படுத்தா சன்னல் வழியா அந்த மலையும் உச்சியில அந்தப் பொம்பளையும் தெரியுமாம். அந்த ஒண்ணுதான் அவன் கண்ணால பாத்தது." பிறகு, "அங்கேருந்து போன் பண்ணினான் மதினி" என்றாள்.

போனா. எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. தெருமுனையில் டாக்டர் வீட்டில்தான் இருந்தது.

"டாக்டர் வீட்டுக்கு. வெளிநாட்டுக் கால் பதினொரு மணிக்கு வரப்போகுதுன்னு ஆள் வந்து சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை. அம்மா தூங்கிட்டிருந்தாங்க. நீங்க ஆபீஸுக்குப் பெரிய அதிகாரி வாராரு, வேலை கெடக்குன்னு சொல்லிட்டுப் போயிருந்தீங்க. நான் உங்களைக் கூட்டிட்டு வர ஓடினேன், ஆபீஸ் பூட்டிக் கெடந்துச்சு. வாட்ச்மேன்தான் சொன்னான், மூணு அம்மாவும் குத்தாலத்துக்குல்லா போயிருக்காங்கன்னு."

கடலில் ஒன்றுமே இல்லை, அந்த மங்கலான கோடுகூட இப்போது தெரியவில்லை. நான், அமிர்தம், லீலா. ஐந்தருவியில் பெண்கள் பக்கம். தண்ணீர் தலையில் விழுந்து காது அடைத்து, சத்தம் போட்டுச் சிரித்தால் நம் சிரிப்பே நமக்குக் கேட்காது. கல்யாணமான பிறகு நான் எனக்கென்று செய்த ஒரே காரியம் அது. நாற்பது வருஷமாக யாருக்கும் தெரியாது என்று உள்ளே பூட்டி வைத்திருந்தேன், அவருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு வாரச்சாமான் வாங்கி வந்ததாக எழுதினேனோ என்னவோ. நான் அருவியில் நின்ற அந்தப் பதினொரு மணிக்கு அவர் கையில் கட்டோடு டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே" என்றேன்.

"கோயிலுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன். அப்புறம் டாக்டரம்மாகிட்ட, போன் வந்ததை யார்கிட்டயும் சொல்லிராதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். போன் வந்ததுன்னு தெரிஞ்சா எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க கேப்பீங்க. ஆஸ்பத்திரின்னு சொல்லக் கூடாதுன்னு அவன் சத்தியம் வாங்கிட்டான். நீங்க எங்க போனீங்கன்னு அம்மா கேப்பாங்க, அதுவும் சொல்ல முடியாது. அதான், வந்த காலே வராத மாதிரி ஆயிருச்சு." அவள் புடவைக் கரையை நீவிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்குச் சாயங்காலம் நீங்க வீட்டுக்குள்ள வாரப்ப தலை ஈரம் காயலை. அம்மா பாத்துரக் கூடாதேன்னு நாந்தான் அடுக்களையில பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டேன். அதுக்கு நீங்க என்னைத் திட்டினீங்க."

திட்டினேன். கண் எங்கே இருக்கிறது என்று திட்டினேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மதினி என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். நாலு மாதம் பேசாமல் இருந்தேன். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, ஒரு பக்கம் அண்ணனுடைய பொய்யையும் இன்னொரு பக்கம் என் பொய்யையும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றோடொன்று மோதிவிடாமல் நடுவில் நின்றிருக்கிறாள், இத்தனை வருஷமாக நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறாள், முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பதினாறு நாள் கப்பலில் வந்து அதே நடுவில் நின்றிருக்கிறாள். நான் அவளைக் காவல் என்று நினைத்தேன். காவல்தான். யாரைக் காத்தாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அவள் கையைப் பிடித்தேன். நாங்கள் அப்படியெல்லாம் பிடித்துக்கொள்கிறவர்கள் இல்லை, அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும், ஆனால் விலக்கவில்லை.

"வேற என்ன பேசினாரு" என்றேன்.

"மூணு நிமிஷந்தானே. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டான். மெலிஞ்சுட்டாளான்னு கேட்டான். அப்புறம், இன்னைக்குக் கோயிலுக்கு அவ என்ன சேலை கட்டிட்டுப் போனான்னு கேட்டான். எனக்குத் தெரியலை. நீங்க கெளம்பினப்ப நான் பாக்கலை. என்னமாவது சொல்லணுமேன்னு, பச்சை, மாம்பழக் கரை வச்சதுன்னு சொல்லிட்டேன். சரின்னான். அதோட லைன் போச்சு." அவள் என் கையை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்தாள். "அது ஒண்ணுதான் மதினி எனக்கு இன்னைக்கு வரைக்கும் அறுக்குது. மத்ததெல்லாம் அவன் சொன்னதுக்காகச் சொன்னேன், உங்களுக்காகச் சொன்னேன். ஆஸ்பத்திரில கெடக்கிறவன் ஆசையா ஒண்ணு கேட்டான். அதையும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேனேன்னு."

அருவியில் நனைவதற்கென்று நான் அன்றைக்குப் பழைய காப்பிக்கொட்டை நிற வாயில் துணிச் சேலை எடுத்துக் கட்டியிருந்தேன். முந்தானையில் ஒரு கிழிசல்கூட இருந்தது, உள்ளே செருகி மறைத்திருந்தேன். லீலா அதைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

"பச்சைதான் கட்டியிருந்தேன், செண்பகம்" என்றேன். "மாம்பழக் கரை வச்சது. அதேதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஆறிப்போன காப்பியைக் குனிந்து எடுத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள்.